பாடமா, வாசிப்பா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த மழையிலும் பண்டாரவளைக்கு வந்திருக்கும் பெற்றோரே, வணக்கம். பேரிடருக்குப் பிறகு வகுப்பறைக்குத் தேவை வழமையான பாடமா, வாசிப்பும் கலந்துரையாடலுமா என்பது தலைப்பு. நான் வாசிப்பின் பக்கம்.

"புண்ணைக் கிளறாதீர்கள், பாடத்தை நடத்துங்கள், பிள்ளை மறந்துவிடும்" என்றார் எதிரணித் தலைவர். ஐயா, 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்ததாலேயே தப்பிய பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளையிடம் "புத்தகத்தைத் திற" என்றால் திறக்கும். மனசு எங்கே இருக்கும்?

நாம் பேசாவிட்டால் பிள்ளைகளும் பேசமாட்டார்கள் என்பது பெரியவர்களின் சௌகரியம். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளையிலும் கண்டியிலும் நுவரெலியாவிலும் மலை சரிந்தது. அதையெல்லாம் பிள்ளைகள் போனில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், பக்கத்தில் விளக்கிச் சொல்ல ஆளில்லாமல்.

பத்திரிகையை வகுப்பில் சேர்ந்து வாசியுங்கள். மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை "தலையெழுத்து" என்று நிறுத்தாது. "தெரிந்தும் ஏன் அங்கேயே இருந்தோம், நமக்கு ஏன் காணி இல்லை?" என்று கேட்கும். (அந்தக் கேள்விக்குத்தான் சிலர் பயப்படுகிறார்களோ என்னவோ!)

சரி, அழுகிற பிள்ளையை எழுப்பி "சொல்லு" என்பதா? கூடவே கூடாது. அதற்குத்தான் இலக்கியம். புறநானூற்றின் 112ஆம் பாட்டில் பாரியின் மகளிர் பேசுகிறார்கள்: போன மாத நிலவில் அப்பா இருந்தார், எங்கள் குன்றும் எங்களிடம் இருந்தது, இந்த மாத நிலவில் குன்றும் இல்லை, அப்பாவும் இல்லை. அவர்களிடமிருந்து குன்றைப் பறித்தது போர், நம்மிடமிருந்து மழை. அப்பாவையும் மலையையும் இழந்த பிள்ளை தன் கதையைச் சொல்லவே வேண்டாம். அந்தப் பெண்களைப் பற்றிப் பேசட்டும், போதும். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாலும் போதும்.

பரீட்சை? இரண்டு பாடவேளை போனால் புலமைப்பரிசில் ஓடிப்போகாது.

ஆசிரியர் என்ன மருத்துவரா என்றும் கேட்டார்கள். இல்லைதான். ஆனால் எந்தப் பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை, எது மழைச் சத்தத்துக்கு நடுங்குகிறது என்று வகுப்பில் தெரிவது அவருக்குத்தான். தெரிந்தால்தானே உளவள ஆலோசகரிடம் அனுப்பலாம்?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: மறுபடி மண்சரிவுக்கான சிவப்பு எச்சரிக்கை வந்தால், அதை வாசித்து விளங்கிக்கொள்ள எந்தப் பாடவேளையில் சொல்லித் தருவீர்கள்?