விறகை அங்கேயே வாங்குங்கள்

வணக்கம் நேயர்களே. ஜூன் பிறந்துவிட்டது. டெட்ராய்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கூட்டாக வடக்கே காட்டுக்குக் கிளம்பும் நேரம். வருடம் தவறாமல் ஏழெட்டுக் குடும்பங்களோடு வடக்கு மிச்சிகனில் உள்ள கிரேலிங் என்ற ஊர்ப் பக்கத்துக் காடுகளில் டென்ட் போடுகிறவன் என்பதால் இந்த வானொலியில் பேச அழைத்திருக்கிறார்கள்.

மிச்சிகன் அரசுக் காட்டு முகாம்களுக்கு 'ரஸ்டிக்' என்று பெயர். அப்படியென்றால் மின்சாரம் இல்லை, குளியலறை இல்லை, கழிப்பறை வெறும் குழி, தண்ணீருக்கு அடிபம்பு. ஆமாம், நம் ஊர்த் தெருமுனையில் இருந்ததே, அதே அடிபம்புதான். என் மகள் முதல்முறை அதன் கைப்பிடியில் தொங்கித் தொங்கி அடித்தாள். ஏழெட்டு முறை அடித்தும் வெறும் காற்றுதான். அப்புறம் உள்ளே ஏதோ களகளவென்றது, குபுக்கென்று தண்ணீர் கொட்டியது. பல் கூசும் குளிர்ச்சி, லேசாக இரும்பு வாசம். முப்பது பேருக்குச் சமையல் என்றால் மூடி போட்ட பெரிய கேன்கள் கட்டாயம் வேண்டும். குடிக்கத் தனி, பாத்திரம் கழுவத் தனி. முதல் ராத்திரிக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள். இருட்டில் டென்ட்டும் அடித்து அடுப்பும் மூட்டுவது பெரும்பாடு.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது விறகைப் பற்றி.

நாங்கள் போன முதல் வருடம், நண்பர் ஒருவர் தன் வீட்டுக் கொல்லையில் பட்டுப்போயிருந்த ஆஷ் என்ற இந்த ஊர் மரத்தை வெட்டிப் பிளந்து, கார் டிக்கி நிறைய அடுக்கிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் உதவுமே என்ற நல்ல மனசு. பாதி ராத்திரி வரை எரித்தோம். காலையில் பக்கத்து டென்ட்டிலிருந்த வயதான அமெரிக்கர் காப்பி குடிக்க வந்தார். மிச்சமிருந்த கட்டை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பட்டையில் சின்னச் சின்ன ஓட்டைகள். வட்டமாக இல்லை, ஒரு பக்கம் தட்டையாக, ஆங்கில 'டி' எழுத்தைப் போல. கத்தியால் பட்டையை நெம்பினார். அடியில் பாம்பு ஊர்ந்த தடம்போல வளைந்து வளைந்து ஓடும் கோடுகள், அவற்றுக்குள் மாவுமாவாகத் தூள். அவர் கோபப்படவே இல்லை. 'இது எங்கிருந்து வந்தது?' என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தடங்களைப் போட்ட பூச்சியின் பெயர் எமரால்ட் ஆஷ் போரர். ஏறக்குறைய அரை அங்குல நீளம்தான் இருக்கும், பச்சைப் பளபளப்பான வண்டு. ஆசியாவிலிருந்து வந்தது. 2002இல் நம் டெட்ராய்ட் பக்கத்தில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். அதன் புழு பட்டைக்கு அடியில், மரத்துக்குச் சாப்பாடு ஓடும் இடத்தையே தின்றுவிடும். சில வருடங்களில் மரம் செத்துவிடும். மிச்சிகனில் மட்டும் கோடிக்கணக்கான மரங்கள் போய்விட்டன. இந்த மாநிலத்தின் பூர்வகுடிகள் கறுப்பு ஆஷ் மரத்தைத் தட்டித் தட்டி, நார்ப்பட்டையாக உரித்துக் கூடை முடைகிறவர்கள். பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த கைவேலை அது. இன்று அதற்கு மரம் தேட வேண்டியிருக்கிறது.

அந்த வண்டு தானாகப் பறந்தால் வருடத்துக்குச் சில மைல் போகலாம். நம் கார் டிக்கியில் ஏறினால் அன்றைக்கே 200 மைல் தாண்டி கிரேலிங் போய்விடும். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வீட்டிலிருந்து விறகு எடுத்துப் போகாதீர்கள். அங்கே வாங்குங்கள், அங்கேயே எரித்து முடியுங்கள், மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவராதீர்கள். ஆஷ்தான் போய்விட்டதே, இனி என்ன என்று சிலர் கேட்கிறார்கள். ஓக் மரத்தை வாட்டிக் கொல்லும் பூஞ்சையும் விறகிலேறித்தான் ஊர்விட்டு ஊர் போகிறது. கட்டையைப் பார்த்தால் காய்ந்து நன்றாகத்தான் இருக்கும். உள்ளே இருப்பது வெளியே தெரியாது.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். கரடியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: சாப்பாடு, பற்பசை, வாசனையுள்ள எதுவும் டென்ட்டுக்குள் வேண்டாம், காரில் வைத்துப் பூட்டுங்கள். குழந்தைகளின் காது மடல், கழுத்து, கால் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. யார் யார் எதைக் கொண்டுவருவது என்ற பட்டியல் ஒருவர் கையில் இருக்கட்டும். அதில் விறகுக்கு நேரே, 'கிரேலிங் போய் வாங்குவது' என்று இன்றைக்கே எழுதிவிடுங்கள். நன்றி, வணக்கம்.