பக்கத்தில் வீடுகள் இருக்கும் நிலத்தில் கோஃபர் சுடுவது: குண்டு எங்கே போய் நிற்கும்?

[காட்சி: மேய்ச்சல் நிலம். மண்மேட்டின் மேல் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும் தரை அணில்.]

கனடாவின் ஆல்பர்ட்டாவிலும் சஸ்காச்சுவனிலும் கோஃபர் என்றால் எல்லோரும் இதைத்தான் கைகாட்டுவார்கள். விலங்கியல்படி இது கோஃபர் இல்லை, ரிச்சர்ட்சன் தரை அணில். அசல் கோஃபர் மண்ணுக்குள்ளேயே காலம் தள்ளுகிற வேறொரு பிராணி. உங்கள் நிலத்தில் திறந்த துளை எதுவும் இல்லாமல் மண்குவியல் மட்டும் வரிசையாகக் கிடந்தால், வந்திருப்பது அந்த அசல்தான். அதற்குத் துப்பாக்கி எடுத்துப் பயனில்லை. வளைக்குள் பொறி வைக்க வேண்டும். துளை வாய் திறந்திருந்து, பகலில் வெளியே நின்று கீச்சென்று விசிலடித்தால் இந்த வீடியோ உங்களுக்கு.

[காட்சி: மேலிருந்து எடுத்த படம். சதுரமான நிலம், ஓரத்தில் பக்கத்து வீடு.]

முதலில் ஒரு கணக்கு. மேற்குக் கனடாவில் நிலத்தை செக்ஷன் என்ற சதுரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கால் செக்‌ஷன் நிலம் 160 ஏக்கர்; ஒரு பக்கம் சுமார் 800 மீட்டர். பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு பக்கம் 200 மீட்டர்தான். பாயிண்ட் 22 லாங் ரைஃபிள் என்ற சிறிய தோட்டாவின் 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) குண்டு, துப்பாக்கி முனை மேல்நோக்கி இருந்தால், ஒன்றரை கிலோமீட்டர்வரைகூடப் போகும். சின்னத் துப்பாக்கிதானே என்பார்கள். சின்னதுதான். ஆனால் உங்கள் வேலி அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

குறி தப்பினால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். குறி சரியாகப் பட்டாலும் குண்டு அணிலைத் துளைத்துக்கொண்டு வெளியேறலாம். அதனால் அணிலைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் பின்னால் இருக்கும் மண்ணைப் பாருங்கள். மேட்டின் உச்சியில், வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கிற அணிலை எவ்வளவு கிட்டத்தில் இருந்தாலும் சுடக்கூடாது.

[காட்சி: பக்கவாட்டுக் கோட்டுப்படம். சுடுபவர், தரை, குண்டு போகும் பாதை.]

குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தாழ்வாக வீசினால் தத்தித் தத்திப் போகிறதே, சமதரையில் குண்டும் அதையே செய்யும். குப்புறப் படுத்து 30 மீட்டரில் சுட்டால், குண்டு தரையைத் தொடும் கோணம் ஒரு டிகிரிகூட வராது. நின்று சுட்டால் மூன்று டிகிரி. துப்பாக்கி முனை 3 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி மேடையேறி 20 மீட்டரில் சுட்டால் எட்டரை டிகிரி. இதுகூடப் போதுமென்று சொல்ல மாட்டோம். மார்ச் மாதத்தில் உறைந்து கிடக்கும் தரை, கல்குவியல், பனிக்கட்டி, தேங்கிய நீர், முள்கம்பி, இரும்புக் கம்பம் எதில் பட்டாலும் குண்டு எந்தப் பக்கம் எகிறும் என்று யாராலும் சொல்ல முடியாது. நம்பக்கூடியது ஒன்றுதான்: அணிலுக்குப் பின்னால் கல்லில்லாத மண்சரிவு. குன்றின் சரிவு, பள்ளத்தின் எதிர்க்கரை, தோண்டிய குட்டையின் மண்கரை போன்றவை.

இனி செய்முறை. நிலத்தின் செயற்கைக்கோள் படத்தைத் தாளில் அச்செடுங்கள். வீடுகள், தொழுவம், சாலை, தானியக் கலம், எண்ணெய்க் கிணறு எல்லாவற்றையும் குறியுங்கள். ஆல்பர்ட்டா சட்டப்படி, குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 183 மீட்டருக்குள் சுடக்கூடாது. அங்கே குடியிருப்பவரோ அவர் அனுமதி தந்தவரோ மட்டும் விலக்கு. பக்கத்து வீட்டைச் சுற்றி அந்த வட்டத்தைப் போடுங்கள். சாலைக்குக் குறுக்கே குண்டு போவதும், தோட்டா ஏற்றிய துப்பாக்கியை வண்டியில் வைத்திருப்பதும் குற்றம். பிக்கப்பின் ஜன்னலில் சாய்த்துக்கொண்டு சுடும் பழக்கத்தை இதோடு விட்டுவிடுங்கள். இதற்குமேல் உங்கள் கவுண்டிக்கு, அதாவது உள்ளாட்சிக்கு, தனி விதி இருக்கலாம்; சிறு மனைப் பகுதிகளில் சுடுவதையே தடுத்திருப்பார்கள். அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள்.

படத்தில் மீதமிருக்கும் இடத்தில் மண்சரிவைப் பார்த்தபடி இரண்டு மூன்று இருக்கைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் இடது எல்லைக்கு ஒரு கம்பு, வலது எல்லைக்கு ஒரு கம்பு நட்டு, ஆரஞ்சு நாடா கட்டுங்கள். அணில் கம்பைத் தாண்டி ஓடினால் அதை விட்டுவிட வேண்டியதுதான். இப்படிக் கம்பு நடுவது கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றும். ஆனால் ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கிக்குள் ஓடும் அணிலைத் துரத்துகிற கண்ணுக்குப் பக்கத்து வீட்டுக் கூரை தெரியாது.

[காட்சி: மேசையில் நான்கு விதத் தோட்டாக்கள்.]

எந்தத் துப்பாக்கி? பாயிண்ட் 22-ல் முனை குழிந்த குண்டு, உருண்டை முனைக் குண்டைவிட நல்லது. ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டாவில் வெடியோசை குறையும், அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் குண்டு உடையாமல் முழுதாகவே எகிறும். அமைதி வேறு, பாதுகாப்பு வேறு. அதைவிடச் சிறிய குண்டுள்ள பாயிண்ட் 17 ஹெச்எம்ஆர் தோட்டாவின் 17 கிரெயின் குண்டு நொடிக்கு சுமார் 2,550 அடி வேகத்தில் போய், பட்ட இடத்தில் பெரும்பாலும் நொறுங்கிவிடும். எகிறுவது குறைவு, ஓசை அதிகம். ஒலியடக்கி கனடாவில் தடைசெய்யப்பட்ட பொருள், அந்த யோசனையே வேண்டாம்.

மனை சிறியது என்றால் எங்கள் ஓட்டு ஏர்கன்னுக்கு. 30 மீட்டருக்குள் போதுமானது, அதன் ரவை போகும் தூரமும் சில நூறு மீட்டரோடு சரி. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வேகம் நொடிக்கு 500 அடியையும் ஆற்றல் 5.7 ஜூலையும் இரண்டுமாகத் தாண்டினால் சட்டத்தின் கண்ணில் அதுவும் துப்பாக்கிதான், உரிமம் வேண்டும். ஒரே வெடியில் பல ரவைகளைச் சிதறும் ஷாட்கன்னில் 6-ஆம் எண் அளவு ரவை 220 மீட்டர் சுமாருக்குள் விழுந்துவிடும், 25 மீட்டருக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

எப்போது? ஆண்கள் பிப்ரவரி கடைசியிலிருந்து வெளியே வரும், பெண்கள் இரண்டு வாரம் கழித்து. குட்டிகள் வளைவிட்டு வருவது மே கடைசியில். ஏப்ரலில் ஒரு பெண்ணைக் குறைத்தால் ஜூனில் ஏழெட்டுக் குட்டிகள் குறையும். ஜூலையில் தோட்டாவைக் கொட்டுவது பெரும்பாலும் பொழுதுபோக்கு.

பக்கத்து வீட்டுக்காரரிடம் முதல் தடவை நேரில் போய்ப் பேசுங்கள், படத்தையும் காட்டுங்கள். அவருடைய குதிரை எங்கே மேயும், குழந்தைகள் எங்கே விளையாடும் என்று அவர் சொல்வதையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு தடவையும் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஒரு குறுஞ்செய்தி.

[காட்சி: ஸ்கோப்பும் குழலும் அருகில்.]

அடிக்கடி நடக்கும் தவறுகள். ஸ்கோப் குழலுக்கு 4 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. ஸ்கோப்பில் வழி தெளிவாகத் தெரியும், குழலுக்கு நேரே வேலிக்கம்பியோ மண்மேடோ இருக்கும். சுடுமுன் ஒரு முறை குழலின் பார்வையில் பாருங்கள். டிரிகரை இழுத்தும் வெடிக்காவிட்டால் முனையை மண்சரிவை நோக்கியே வைத்து ஒரு நிமிடம் எண்ணிவிட்டுத்தான் திறக்க வேண்டும். "பொத்" என்று அமுங்கிய ஓசை வந்தால் குண்டு குழலிலேயே சிக்கியிருக்கலாம். தோட்டாவை எல்லாம் எடுத்துவிட்டு, குழலுக்குள் கம்பி விட்டுச் சோதிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

மண்மேட்டில் நிற்பதெல்லாம் அணிலும் அல்ல. இதே வளைகளில்தான் வளை ஆந்தை கூடு வைக்கும். கனடாவில் அழிவின் விளிம்பில் உள்ள பறவை. நீளமான மெல்லிய கால், மஞ்சள் கண் தெரிந்தால் துப்பாக்கியை இறக்குங்கள். அப்புறம், செத்த அணிலைக் களத்திலேயே விட்டால் பருந்து தின்னும், உடலில் சிதறிய ஈயத்துகளும் அதோடு உள்ளே போகும். செப்புக் குண்டானால் அந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் கையுறை போட்டுக்கொண்டு வாளியில் பொறுக்குங்கள். தெள்ளுப்பூச்சியும் அதில் வரும் நோயும் உங்களுக்கு வேண்டாம். வாளி வீட்டுக்குப் போவதற்கு முன் துப்பாக்கியைத் திறந்து, தோட்டா அறையைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள்.