சீருடையைக் கழற்றிய பிறகு

(மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்க் கோயில் மண்டபத்தில், முன்னாள் இராணுவ வீரர்களின் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)

அவையினருக்கு வணக்கம். முன்வரிசையில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், சாப்பாடும் தயாராகிவிட்டது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்: சண்டைக்குப் போய் வந்தவர்களின் மனசில் தங்கிவிடும் காயம்.

நம் ஊருக்குச் சண்டை புதிதல்ல. 1948 ஜூன் 16-இல் இங்குள்ள தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் கம்யூனிஸ்டு கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அப்புறம் 1968-இல் கம்யூனிஸ்டுகளோடு மறுபடி தொடங்கிய மோதல், 1989 டிசம்பரில் ஹாட்யாய் அமைதி ஒப்பந்தத்தோடுதான் ஓய்ந்தது. அந்தக் காலத்தில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இராணுவத்தின் ரேஞ்சர் படையில் சேர்ந்து காட்டுக்குள் போனார்கள். காட்டில் எதிரியைவிட அதிகம் பயமுறுத்தியது மண்ணுக்குள் புதைத்து வைத்த ஜெராங்காப் சாமார், அதாவது கண்ணிவெடி. முன்னால் போனவர் மிதித்தார், பின்னால் வந்தவர் பார்த்தார். கால் போனவருக்குச் சிகிச்சை கிடைத்தது. பார்த்தவர் மறுநாளும் ரோந்து போனார்.

அப்படிப் பார்த்தவர் ஊருக்குத் திரும்பியதும் என்ன ஆனார்? புல்லில் கால் வைக்க யோசித்தார். கல்யாண வீட்டில் வாசலைப் பார்த்த நாற்காலியைத் தேடினார். தீபாவளிப் பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கு அடியில் போனார். தூக்கம் வரவில்லை என்று சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்தார். சம்சு கண்ணை மூட வைக்கும், நடுராத்திரியில் எழுப்பியும் விடும். கனவு இன்னும் மோசமாகும். நாம் என்ன சொன்னோம்? “தண்ணியடித்தே கெட்டான்” என்றோம். சிலர் பேய் பிடித்திருக்கிறது என்று கயிறு கட்டினார்கள். காயம் முதலில் வந்தது, குடி அப்புறம் வந்தது. நம் கண்ணில் பட்டது குடி மட்டும்தான்.

வெள்ளைக்காரர்களும் இதில் ஒன்றும் கெட்டிக்காரர்கள் அல்ல. முதல் உலகப் போரில் நடுங்கி நின்ற வீரர்களைப் பார்த்து, குண்டு அதிர்ச்சியில் மூளை குலுங்கிவிட்டது என்று நினைத்தார்கள். குண்டு விழாத இடத்தில் இருந்தவர்களுக்கும் அதே நடுக்கம் வந்தபோது குழம்பினார்கள். வியட்நாம் போர் முடிந்த பிறகு, 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதை PTSD என்ற பெயரில் தனி நோயாகத் தங்கள் கையேட்டில் சேர்த்தார்கள்.

சரி, போருக்குப் போன எல்லாருக்கும் இது வருமா? வராது. பெரும்பாலோர் சில வாரங்கள் கலங்கித் தேறிவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேலும் கனவும் திடுக்கிடலும் விலகலும் நீடித்து, வேலையும் குடும்பமும் கெட்டால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. தேறுகிறவருக்கு நெஞ்சுரம் அதிகம் என்று நாம் நினைக்கிறோம். ஆய்வுகள் அடிக்கடி சுட்டிக்காட்டுவது வேறு: திரும்பி வந்த பிறகு அவரைச் சுற்றி யார் இருந்தார்கள் என்பது.

என் வருத்தமே இங்கேதான். முகாமில் ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்ட கூட்டாளிகள் இருந்தார்கள். முன்பு தோட்டத்திலும் லயம் முழுக்க, அந்த வரிசை வீடுகள் நிறைய, ஆள் இருந்தது. தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டு, ஜனங்கள் மலிவு விலை அடுக்குமாடிக்குச் சிதறினார்கள். ஓய்வு பெற்றவர் ஐந்தாவது மாடியில் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டார். அவரைப் போய் “மனசைத் திடப்படுத்திக்கோ” என்றால் எதைப் பிடித்துத் திடப்படுத்துவார்?

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒன்று. காட்டில் நடந்ததைச் சொல், சொல் என்று வற்புறுத்தாதீர்கள். அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் அந்த நினைவை மெல்ல மெல்ல எதிர்கொள்ள வைப்பார்கள். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. பல ஆண்டுகள் கழித்துப் போனாலும் பலன் இருக்கிறது.

போகத் தயங்குவது ஏன் என்றும் தெரியும். பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தான் இருக்கிறது. 1911-இலிருந்து அங்கே மனநல மருத்துவமனை இருப்பதால், அந்த ஊர்ப் பெயரையே நாம் வசையாக்கிவிட்டோம். முதலில் அங்கே போக வேண்டியதில்லை. அரசாங்க கிளினிக்கில் டாக்டரிடம், இராணுவத்தில் இருந்தேன், தூக்கமில்லை என்று சொன்னால் போதும், அங்கிருந்து வழி காட்டுவார்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் (HEAL) மனநல உதவி எண் 15555. மனைவிமாரும் கூப்பிடலாம், இத்தனை வருஷம் அவர்களும்தான் தூங்கவில்லை.