நாற்பது பேர்கிட்டயிருந்தும் ஒரே அசைன்மெண்ட் வருதா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, மன்னார்குடி பக்கம் கல்லூரியில வரலாறு எடுக்குற ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. "கூகுள் கிளாஸ்ரூம்ல அசைன்மெண்ட் போட்டா, சாட்ஜிபிடி எழுதினதையே எல்லாரும் ஒட்டி அனுப்புறாங்க. பிள்ளைங்ககிட்ட போன் மட்டும்தான் இருக்கு. என்ன செய்யலாம்?"

போனே போதும்மா. மாத்த வேண்டியது கேள்வியை. 'சோழர் கால நீர்ப்பாசனம் – கட்டுரை வரைக'ன்னா விடை வலையில கொட்டிக் கிடக்கு, ஒட்டத்தான் செய்வாங்க. 'உங்க ஊர் வயலுக்குத் தண்ணி எந்த வழியா வருது'ன்னு கேட்டுப் பாருங்க. கல்லணையில வெண்ணாறு பிரியுறது, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்புல அது பாமணியாறு, கோரையாறுன்னு பிரியுறது, இதெல்லாம் தேடினா கிடைச்சிரும். அதுக்கப்புறம் எந்த வாய்க்கால், எந்த மதகு, ஊரு தலைமடையா கடைமடையா? அதை ஊர்ப் பெரியவங்களும் மதகு திறக்குற லஸ்கரும்தான் சொல்லணும்.

ஒவ்வொரு மதகையும் நேர்ல போய்ப் பார்த்து, கூகுள் மேப்புல பின் போட்டு, லிஸ்ட்டா சேர்த்து லிங்க் அனுப்பச் சொல்லுங்க. கூடவே, தாத்தாவோ அப்பத்தாவோ பேசுற ஒரு அஞ்சு நிமிஷ ஆடியோ. அனுமதி கேட்டுட்டுத்தான் பதியணும், இதைக் கண்டிப்பா சொல்லிடுங்க. அந்த ஆடியோவை அவங்க பேசின பேச்சு மாறாம எழுத்துல கொண்டு வரணும். வாய்ஸ் டைப்பிங் தமிழ் எழுதும், ஆனா நம்ம வட்டாரப் பேச்சுல தடுமாறும். தடுமாறுற இடத்தைத் திருத்த, பையன் திரும்பத் திரும்பக் கேட்பான், புரியலைன்னா தாத்தாகிட்டயே போய்க் கேட்பான். எனக்கு இந்த வேலையிலயே ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான்.

பாடம் எங்கேன்னு கேட்பீங்க. சோழர் கல்வெட்டுல நிலத்துக்கு எல்லை சொல்லும்போது, இந்த வாய்க்காலுக்கு வடக்கு, இந்த வதிக்குக் (வயல்களுக்கு நடுவுல போற சின்ன வாய்க்கால் இல்லாட்டி வழி) கிழக்குன்னு வரும். வகுப்புல ஒரு கல்வெட்டு வாசகத்தைக் கொடுத்து, அதே மாதிரி தன் ஊர் வயல் ஒண்ணுக்கு எல்லை எழுதச் சொல்லுங்க. வாய்க்காலை நடந்து பார்த்த பிள்ளைக்கு அந்தக் கல்வெட்டு வரி சட்டுனு பிடிபடும்.

மார்க் போடுறதுக்கு முன்னாடி ஆடியோவைக் கொஞ்சம் ஓடவிட்டு, ரெண்டு கேள்வி வாய்மொழியா கேளுங்க. அலைஞ்சவங்க யாருன்னு தெரிஞ்சிரும்.

இன்னொண்ணும்மா. நிலமில்லாத வீட்டுப் பிள்ளைங்க வகுப்புல நிறைய பேர் இருப்பாங்க. 'உங்க வயல்'னு கேட்டுடாதீங்க, 'உங்க ஊர் வயல்'னு கேளுங்க. வருஷா வருஷம் நடவுக்குப் போற அம்மாவுக்குத் தெரியாத மதகா? அந்த அம்மா பேசின ஆடியோவுக்கும் அதே மார்க்குதான்னு முதல் நாளே வகுப்புல சொல்லிடுங்க.