மழை விட்ட பிறகும் குளம் ஏன் வான் பாய்கிறது? மனப்பிறழ்விலிருந்து மீளும் மூளையின் கதை

[திரையில்: இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள், மார்கழி மழை]

வணக்கம் உறவுகளே. சென்னையில் ஒருவருக்குக் காதில் குரல் கேட்கிறது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. அந்தக் குரல் என்ன சொல்கிறது தெரியுமா? போய்க் குளி, சாப்பிடு, வீட்டு வேலையைப் பார் என்கிறது. அதட்டுகிறது, புத்தியும் சொல்கிறது. யாருடைய குரல்? அவருடைய சொந்தக்காரரின் குரல்!

டான்யா லூர்மன் என்ற மானிடவியலாளரும் அவருடைய குழுவினரும் மூன்று ஊர்களில், ஊருக்கு 20 பேராக, குரல் கேட்பவர்களோடு இருந்து கதைத்தார்கள். அமெரிக்காவின் சான் மாட்டியோவில் பலர், அது வன்முறையான குரல், மூளையில் வந்த நோய் என்றார்கள். கானாவின் அக்ராவில் பலருக்குக் கேட்டது கடவுளின் குரல். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு உறவினரின் குரல். ஒரே வருத்தம்தான், ஆனால் குரல் அந்தந்த ஊர்க்காரரின் மனத்துக்குள் ஏற்கெனவே குடியிருந்த ஆளாக வருகிறது. இதைப் படித்த அன்று எனக்கு நித்திரையே வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். இல்லாத குரல் கேட்பது, எல்லோரும் தன்னையே கவனிக்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது, இவற்றைத்தான் சைக்கோசிஸ், தமிழில் மனப்பிறழ்வு, என்கிறார்கள். ஊரில் இதற்கு இன்னொரு சொல் இருக்கிறது. அதை நான் பாவிக்க மாட்டேன். கீழே கருத்து எழுதும்போது நீங்களும் தயவுசெய்து பாவிக்க வேண்டாம்.

மூளையில் எந்த இடம் பழுது என்றுதான் முன்பு தேடினார்கள். பழுது இடத்தில் இல்லை, இடங்களுக்கு இடையிலான தொடர்பில் இருக்கலாம் என்று 1995இல் மூளை ஆய்வாளர்கள் கார்ல் பிரிஸ்டனும் கிறிஸ் பிரித்தும் எழுதினார்கள். அதே ஆண்டில் பரத் பிஸ்வால் இன்னொன்றைக் காட்டினார். ஸ்கேனுக்குள் ஒருவர் சும்மா படுத்திருக்கும்போதும், கையை அசைக்கும் மூளைப் பகுதிகள் ஒன்றுக்கொன்று தாளம் பிசகாமல் சேர்ந்து ஏறி இறங்குகின்றன. மூளைப் பகுதிகள் தங்களுக்குள் எப்படித் தொடர்புபடுகின்றன என்று பார்க்கும் மூளை வலையமைப்பு ஆய்வு இன்று இந்த அளவுக்கு வளர்ந்ததற்கு அது ஒரு பெரிய தொடக்கம்.

அடுத்தது அறிகுறிகளின் வலையமைப்பு. நெதர்லாந்தின் உளவியலாளர் டென்னி போர்ஸ்பூம் சொல்வது இது: ஒளிந்திருக்கும் ஒரு நோய் எல்லா அறிகுறிகளையும் உண்டாக்குகிறது என்று நினைக்காதீர்கள். அறிகுறிகளே ஒன்றையொன்று கிளப்பிவிடுகின்றன.

[திரையில்: குளங்களின் வரைபடம், மேலிருந்து கீழே]

இதை வன்னிக்காரருக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு நிமிடம் போதும். மேலே ஒரு சின்னக் குளம். அது நிரம்பி வான் பாய்ந்தால் தண்ணீர் கீழ்க்குளத்துக்குப் போகும். அது நிரம்பினால் அடுத்தது. கடைசியில் றோட்டுக்கு மேலால் வெள்ளம் போகும்போதுதான் நாங்கள் ஓடிவந்து பார்க்கிறோம். இப்போது மேல்குளத்துக்கு நித்திரையின்மை என்று பெயர் வையுங்கள். அடுத்தது பதற்றம், அதற்குக் கீழே சந்தேகம். றோட்டு வெள்ளம்தான் அந்தக் குரல்.

இன்னும் ஒன்று. மழை விட்டு வெயில் எறித்த பிறகும் வான் பாய்ந்துகொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். மேலே தேங்கிய தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. போர்ஸ்பூமின் கோட்பாட்டிலும் இது உண்டு. தொடர்புகள் இறுகிய வலையமைப்பில், தொடக்கிவைத்த காரணம் போன பிறகும் அறிகுறிகள் ஒன்றையொன்று ஊட்டிக்கொண்டே இருக்கும். 2009இல் போர் முடிந்து இவ்வளவு காலமாகியும் ஏன் இப்படி என்று ஒரு தாயைக் கேட்பவர்கள், முதலில் குளத்தின் அலைகரைப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். மீள்வது என்றால் குளங்கள் வற்றிப்போவதல்ல. ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓடும் வழி ஒடுங்குவது. அடுத்த மாரிக்கும் மழை பெய்யும், ஆனால் வெள்ளம் றோட்டுக்கு வராது.

எங்கள் ஊரில் ஒரு அண்ணா. வருத்தம் கூடியிருந்த நாட்களில் ரேடியோப் பெட்டியைச் சாரத்தால் சுற்றி, மேலே ஒரு கல்லும் வைத்திருப்பார். செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்பது அவருடைய நம்பிக்கை. கிளினிக்குக்குப் போய் வந்து குளிசை எடுக்கத் தொடங்கிய பிறகு நாங்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: "இன்னும் குரல் கேட்குதாமோ?" அவருடைய அம்மா மட்டும் வேறொன்றைக் கவனித்தார். ஒருநாள் வேலிக்கு அங்கால் நின்று எனக்குச் சொன்னார்: "நேற்று விடியுமட்டும் நித்திரை கொண்டவன், பிள்ளை." அப்போதும் ரேடியோவின் மேல் அந்தக் கல் இருந்தது. சில கிழமைகளுக்குப் பிறகுதான் அதை அவரே எடுத்தார்.

அந்த அம்மா கண்டதற்கு ஆய்விலும் ஆதாரம் உண்டு. 2017இல் உளவியலாளர் டேனியல் பிரீமன் குழுவினர், பிரித்தானியாவின் 26 பல்கலைக்கழகங்களில் நித்திரை வராத 3,755 மாணவர்களை எடுத்து, ஒரு பகுதியினருக்கு இணையவழி நித்திரைச் சிகிச்சை கொடுத்தார்கள். நித்திரை சீராக, சந்தேகமும் இல்லாததை உணர்வதும் சேர்ந்து குறைந்தன. அவர்கள் நோயாளிகள் அல்லர், மாணவர்கள். ஆனாலும் மேல்குளத்தைக் கட்டினால் கீழே தண்ணீர் குறைகிறது!

அதே ஆண்டில் ஆய்வாளர் அடேலா இஸ்வொரானு குழுவினர் வரைந்த அறிகுறி வலையமைப்பில், சிறுவயதில் பட்ட கொடுமை நேராக மனப்பிறழ்வுக்குப் போகவில்லை. பதற்றம் போன்ற பொதுவான அறிகுறிகளின் ஊடாகத்தான் போனது. அது போரைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் சிறுவயதில் பங்கருக்குள் இருந்த தலைமுறையைச் சேர்ந்த நான், அந்தப் படத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் மறிக்க இடம் இருக்கிறது என்கிறதே!

இப்போது கலாநிதிப் பட்ட ஆய்வுகள் மூளை வலையமைப்பையும் அறிகுறி வலையமைப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கின்றன, ஒருவர் மீண்டு வரும்போது இரண்டில் எது எப்படி மாறுகிறது என்று. ஸ்கேன் எடுத்து இவருக்கு இந்த வருத்தம் என்று சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. அப்படிச் சொல்லிக் காசு கேட்பவரை நம்பாதீர்கள். நித்திரை வருகிறது என்று குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், வைத்தியரோடு கதையுங்கள். அவசரமாகக் கதைக்க ஆள் வேண்டுமென்றால், இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926.

வீட்டில் யாராவது மீண்டு வருகிறார்களா? ஒரு கொப்பி வாங்குங்கள். எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது எழும்பினார், சாப்பிட்டாரா, யாரோடு கதைத்தார், அவ்வளவும் எழுதி அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். உங்கள் வீட்டில் முதலில் மாறியது எது? பெயர் போடாமல் கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றாக வாசிப்பேன்.