எடுத்து ஒட்டாமல் எழுதுவது: தமிழ் விக்கிப்பீடியாவும் பதிப்புரிமையும்

(குமரி மாவட்டத்தைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுத முன்வந்துள்ள மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நாகர்கோவிலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

நம் ஊர்களையும் அணைகளையும் கோவில்களையும் பற்றி எழுத இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். எழுதத் தொடங்கும் முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் ஓர் உரிமத்துக்கு ஒப்புதல் தருகிறீர்கள். கிரியேட்டிவ் காமன்ஸின் 'பெயர் குறிப்பிடுதல், அதே முறையில் பகிர்தல்' 4.0 என்பது அதன் பெயர். நீங்கள் எழுதியதை யாரும் எடுத்து அச்சிடலாம், மாற்றலாம், விற்றுக் காசும் பார்க்கலாம். மூலத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றியதையும் அதே உரிமத்தில் விட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே வேறொருவர் எழுதிய பத்தியை எடுத்து ஒட்டினால், அடுத்தவர் தென்னந்தோப்புக்கு நாம் பத்திரம் எழுதிக் கொடுத்த கதைதான். ஒட்டியவரோடு அது முடிவதில்லை. அதை நம்பி எடுத்துப் பயன்படுத்தும் பதிப்பாளரும் பள்ளிக்கூடமும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

"அப்படியானால் எதைத்தான் எழுதுவது?" என்று கேட்பீர்கள். தகவல் யாருக்கும் சொந்தமில்லை. 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. இந்த எண்ணை யாரும் எங்கும் எழுதலாம். சொந்தமாவது சொல்லும் முறை: வாக்கியம், வரிசை, உவமை, எதை முன்னே வைத்து எதைப் பின்னே வைப்பது என்ற தேர்வு.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு சுற்றுலாக் கையேட்டில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் தவழ்ந்து வரும் கோதையாற்றை மறித்து, மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் ஆங்கிலப் பொறியாளர் மிஞ்சின் எழுப்பிய பேச்சிப்பாறை அணை, நாஞ்சில் வயல்களின் உயிர்நாடி." பலர் இதை எப்படி மாற்றுகிறார்கள் தெரியுமா? 'மடியில்' என்பது 'அடிவாரத்தில்' ஆகும், 'மறித்து' என்பது 'தடுத்து' ஆகும், 'உயிர்நாடி' என்பது 'ஜீவநாடி' ஆகும். எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. இதுவும் மீறல்தான்.

சரியான முறைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். குறைந்தது இரண்டு மூலங்களைப் படியுங்கள். படித்தபின் அவற்றை மூடிவிட்டு, ஒரு தாளில் வெறும் குறிப்புகளாக எழுதுங்கள்: ஆறு கோதையாறு, வேலை 1897 முதல் 1906 வரை, பொறியாளர் மிஞ்சின், திருவிதாங்கூர் அரசு. முழு வாக்கியம் ஒன்றுகூட அந்தத் தாளில் வரக் கூடாது. பிறகு குறிப்பை மட்டும் பார்த்து எழுதுங்கள்: "பேச்சிப்பாறை அணை கோதையாற்றின் குறுக்கே உள்ளது. திருவிதாங்கூர் அரசு 1897-இல் தொடங்கிய கட்டுமானம் 1906-இல் நிறைவடைந்தது. மிஞ்சின் இதன் பொறியாளர்." கடைசியாக மூலத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர், ஆண்டு தவிர நான்கைந்து சொற்கள் அதே வரிசையில் வந்தால் அந்த வாக்கியத்தைத் திரும்ப எழுதுங்கள். எந்த மூலம் என்பதை மேற்கோளாகக் கட்டாயம் தாருங்கள். ஆனால் மேற்கோள் தந்ததால் நகலெடுத்தது சரியாகிவிடாது. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒருவருடைய சொற்கள் அப்படியே தேவை என்றால் ஓரிரு வரி, மேற்கோள் குறிக்குள், சொன்னவர் பெயரோடு. அதற்கு மேல் வேண்டாம்.

மொழிபெயர்ப்பிலும் இதே கதைதான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்க்கும் உரிமை ஆசிரியருடையது. ஆங்கில நாளிதழ்க் கட்டுரையைத் தமிழாக்கி ஏற்றினால் மீறல். ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்தோ, நம் பக்கத்தில் பலருக்கும் படிக்கத் தெரிந்த மலையாள விக்கிப்பீடியாவிலிருந்தோ தாராளமாக மொழிபெயர்க்கலாம். ஆனால் அங்கே எழுதியவர்களின் பெயர் அந்தப் பக்கத்தின் வரலாற்றில் இருக்கிறது. அதற்கு வழிகாட்ட வேண்டும். தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது என்ன மாற்றினோம் என்று எழுதும் பெட்டியில்) மூலப் பக்கத்தின் இணைப்பைக் கொடுத்து "மொழிபெயர்ப்பு" என்று குறிப்பிடுங்கள். விக்கிப்பீடியாவிலேயே உள்ள உள்ளடக்க மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தினால் அதுவே இதைச் செய்துவிடும்.

இனி, எதன் பதிப்புரிமை காலாவதியானது என்ற கணக்கு. இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகள். தேரூரில் பிறந்த கவிமணி 1954-இல் மறைந்தார். அவர் உயிரோடிருக்கும்போது வெளியான படைப்புகளின் உரிமை 2014 முடிய இருந்தது. பூதப்பாண்டியில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவா மறைந்தது 1963 ஜனவரியில். அவர் எழுத்தின் உரிமை 2023 முடிய இருந்தது. சுந்தர ராமசாமி மறைந்தது 2005-இல். 2065 முடிய ஒரு பத்தியும் எடுக்க முடியாது. இறந்த பிறகு முதன்முதலாக வெளியான படைப்புக்கும், ஆசிரியர் பெயர் தெரியாத படைப்புக்கும் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. ஆனால் நாட்டுடைமையானது அந்த ஆசிரியரின் எழுத்து மட்டும். பின்னாளில் ஒருவர் சேர்த்த முன்னுரையும் அடிக்குறிப்பும் அவருடையவை. 1906-இல் வந்த நாகமையாவின் திருவிதாங்கூர் கையேடு நமக்குப் பெரிய புதையல். அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: மறுபதிப்பில் புதிதாகச் சேர்ந்ததைத் தொடாதீர்கள்.

முழு நூலையோ படத்தையோ விக்கிமீடியா பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவுக்கான படங்களும் கோப்புகளும் சேரும் தளத்தில்) ஏற்றுவதாக இருந்தால், அதன் சேவையகங்கள் அமெரிக்காவில் இருப்பதால், அமெரிக்கச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1996 ஜனவரி 1 அன்று இந்தியாவில் உரிமை தீராதிருந்த படைப்புக்கு அங்கே பொதுவாக, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள். இங்கே தீர்ந்தது அங்கே தீராமல் இருக்கலாம்.

இணையத்தில் கிடைப்பதெல்லாம் பொதுச் சொத்து என்ற நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள். மின்னூலகத்தில் ஸ்கேன் செய்து வைத்த நூலாக இருந்தாலும், அரசு இணையதளத்தின் பத்தியாக இருந்தாலும், கோவில் வாசலில் விற்கும் தலவரலாற்றுப் புத்தகமாக இருந்தாலும் உரிமை தீராமல் இருக்கலாம். அரசுப் படைப்புக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். நீதிமன்றத் தீர்ப்புகளை, நீதிமன்றமே தடை செய்திருந்தால் ஒழிய, எடுத்து வெளியிடச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. கல்வெட்டின் பழைய வாசகம் யாருக்கும் உரியதல்ல. அதற்கு இன்றைய அறிஞர் எழுதிய உரையும் விளக்கமும் அவருக்கு உரியவை. வில்லுப்பாட்டும் அப்படித்தான். வழிவழியாக வந்த கதைப்பாடல் பொது. ஆனால் அதைத் தொகுத்தவரின் முன்னுரை, புலவர் புதிதாகக் கட்டிய அடிகள், கோவில் கொடை விழாவில் பதிவு செய்த ஒலி எல்லாம் வேறு. பாடும் கலைஞருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று தனியே 50 ஆண்டுகள் உண்டு. பதிவு செய்யும் முன் குழுவை நடத்தும் அண்ணாவியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

படங்களில்தான் அதிகம் தவறு நடக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஏற்றி "சொந்தப் படைப்பு" என்று குறிப்பார்கள். உரிமை படத்தில் இருப்பவருக்கு இல்லை, படத்தைக் கையில் வைத்திருப்பவருக்கும் இல்லை, பொதுவாக எடுத்தவருக்கே. பணம் கொடுத்து ஸ்டுடியோவில் எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 17-ஆம் பிரிவு. பழைய படத்தை உங்கள் கைபேசியில் மறுபடி படமெடுத்தால் அது உங்களுடையதாகாது. நீங்களே எடுத்த படத்தைக் குறுக்காமல், கேமரா விவரங்களோடு மூல அளவிலேயே ஏற்றுங்கள், சந்தேகம் வராது.

குமரிக் கடலில் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலையைப் படமெடுத்து ஏற்றலாமா? ஏற்றலாம். பொது இடத்தில் நிலையாக இருக்கும் சிற்பத்தைப் படமெடுத்து வெளியிடுவது மீறல் அல்ல என்று 52-ஆம் பிரிவு சொல்கிறது, கட்டடங்களுக்கும் அப்படியே. அந்த விலக்கு ஓவியத்துக்கு நீளாது. பாலத்தூணில் அண்மையில் தீட்டிய சுவரோவியம், பேருந்து நிலைய வரைபடம், பேனர், தகவல் பலகையின் வாசகம் ஆகியவற்றை மட்டும் நெருங்கி எடுத்து ஏற்ற வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனையின் பழஞ்சுவரோவியங்களுக்குப் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. உள்ளே படமெடுக்க அனுமதி உண்டா என்பது வேறு கேள்வி.

ஒருவர் மனமுவந்து படமோ கட்டுரையோ தர முன்வந்தால், "விக்கிப்பீடியாவில் போட்டுக்கொள்ளுங்கள்" என்ற வாய்ச்சொல் போதாது. விக்கிப்பீடியாவுக்கு மட்டும், வணிகத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது என்ற எந்த நிபந்தனையும் ஏற்கப்படாது. உரிமையாளர் தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து, எந்தப் படைப்பு, எந்த உரிமம் என்று பெயர் சொல்லி, விக்கிமீடியாவின் அனுமதிக் குழுவுக்கு எழுத வேண்டும். உங்கள் சொந்த வலைப்பூக் கட்டுரை என்றால் அந்தப் பக்கத்திலேயே உரிமக் குறிப்பைப் போட்டுவிட்டு ஏற்றலாம். இதழில் வந்த கட்டுரை என்றால், உரிமையை இதழுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

பிறர் செய்த மீறலைக் கண்டால் அவசரப்படாதீர்கள். விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்து ஒட்டிய வலைத்தளங்களும் ஏராளம். பக்க வரலாற்றில் அந்தப் பத்தி எந்தத் தேதியில் நுழைந்தது, மற்றத் தளத்தில் எப்போது வெளியானது என்று, பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணக்காப்பகத்தில் ஒப்பிடுங்கள். நகல் கண்டுபிடிக்கும் கருவிகள் அச்சு நூலையும் பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகளையும் பிடிக்காது. கருவி ஒன்றும் சொல்லவில்லை என்பதால் சுத்தம் என்று முடிவு கட்ட முடியாது. மீறல்தான் என்று உறுதியானால் பத்தியை நீக்கி, தொகுப்புச் சுருக்கத்தில் மூலத்தைக் குறிப்பிடுங்கள். நீக்கிய பிறகும் பழைய பதிப்பு வரலாற்றில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். எனவே எந்தப் பதிப்பில் தொடங்கி எதில் முடிகிறது என்ற இணைப்புகளோடு ஒரு நிர்வாகியிடம் சொல்லுங்கள். அவரால் அவற்றை மறைக்க முடியும். ஒட்டியவரின் பேச்சுப் பக்கத்திலும் என்ன தவறு என்று மரியாதையாக எழுதுங்கள். புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் விதி தெரியாமல்தான் செய்கிறார்கள்; சொன்னால் திருத்திக்கொள்வார்கள்.