வாய்க்கு இரும்புப் பூட்டு

நேயர்களுக்கு வணக்கம். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வட பகுதிகளிலும் திட்டுவதற்கு ஒரு பழைய சொல் உண்டு: ‘ஃப்ளைட்’. காதில் விழும்போது விமானம் போலத்தான் கேட்கும், அது இல்லை. வாய்க்குள் முணுமுணுப்பதும் இல்லை. நாலு பேர் கேட்க ஏசுவது, பதிலுக்கு ஏச்சு வாங்குவது.

1500 வாக்கில், ஸ்காட்லாந்து அரசர் நான்காம் ஜேம்ஸ் காலத்தில், டன்பார், கென்னடி என்ற இரண்டு கவிஞர்கள் இதைப் பாட்டாகவே செய்தார்கள். கென்னடி பேசிய கேலிக் என்ற பழைய ஸ்காட்லாந்து மொழியை டன்பார் பழிக்கிறார். கென்னடி விடுவாரா? நீ கப்பலில் ஏறி வாந்தியெடுத்த கதை தெரியாதா என்று தொடங்கி, கேட்கக் கூசும் அளவுக்குப் போகிறார். அந்தச் சண்டையை 1508இல் அச்சுப் போட்டார்கள். அந்த நாட்டின் முதல் அச்சகத்திலிருந்து வந்த சில நூல்களில் இதுவும் ஒன்று.

ஆண்கள் ஏசினால் அச்சேறியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1567. எடின்பரோ. பெஸ்ஸி டெயில்ஃபியர் என்ற பெண், நகர அதிகாரி ஒருவர் வீட்டில் கள்ள அளவுப் பாத்திரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அளவில் ஏமாந்தவர்களுக்கு அந்த ஆத்திரம் புரியும். அது பொய் என்று முடிவுகட்டி, அவள் தலையில் ‘பிராங்க்ஸ்’ மாட்டி, சந்தையில் நிற்கும் சிலுவைத் தூணடியில் ஒரு மணி நேரம் நிறுத்தச் சொன்னார்கள்.

பிராங்க்ஸ் என்பது தலையைச் சுற்றி வரும் இரும்புப் பட்டைகள். பின்னால் பூட்டு. முன்னால் ஒரு தகடு வாய்க்குள் போய் நாக்கை அமுக்கும். எச்சில் விழுங்குவதே பாடு, பேச்சு எங்கே வரும்? போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்ப்பார்கள். ஏசினாள், அவதூறு சொன்னாள் என்று இதை மாட்டியது பெரும்பாலும் பெண்களுக்குத்தான். மறுபடியும் சொல்கிறேன், பெரும்பாலும் பெண்களுக்குத்தான். நான் இந்தச் சொல்லைத் தேடிப் போனது கவிதைக்காக. இப்போது பெஸ்ஸியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. மாண்ட்கோமரி, போல்வார்த் என்ற இரண்டு கவிஞர்களின் ஏச்சுப் போட்டியை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக இவ்வளவுதான்: 1580 வாக்கில், ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ் அவையில், இருவரும் ஒருவரையொருவர் வசைபாடினார்கள். மாண்ட்கோமரி வென்றார். அரசர் 1584இல் தாம் எழுதிய கவிதை இலக்கண நூலில் அந்த வசையிலிருந்தே வரிகளை எடுத்து உதாரணம் காட்டினார். நன்றி, வணக்கம்.